ஆவணித் தேன் வந்த வழி

ஆவணி மாதத்தில் பெட்டியில் தேன் இருக்காது. சிலமலையில் தேனீ வளர்க்கும் ஏழெட்டு வீட்டுக்காரர்களுக்கும் இது தெரியும், ஈக்களுக்கும் தெரியும். புளியமரம் பூத்து ஓய்ந்து பிஞ்சு பிடித்திருக்கும். மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் நிற்கும். இலவமரம் பூக்க மார்கழி பிறக்க வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கிற ஊரில் வேலியோரம் பூத்த நாலு பூ மட்டும் எங்கே நிற்கும்? ஆடி, ஆவணி இரண்டு மாதமும் பெட்டிக்காரர் செய்ய வேண்டியது, ஈக்களைப் பட்டினியில் சாகவிடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான். பெட்டியைக் காற்றுக்கு முதுகு காட்டித் திருப்பி வைப்பார்கள். வாசலை இரண்டு விரல் அகலத்துக்குச் சுருக்குவார்கள். எறும்பு ஏறாதபடி பெட்டிக் கால்கள் நிற்கிற கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றுவார்கள். வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் சீனித்தண்ணீர் வைப்பார்கள்.

அப்படிப்பட்ட ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஸ்வரன் தன் கொல்லையிலிருந்த பெட்டியைத் திறந்து, தேன் சட்டங்கள் இருக்கும் மேல்தட்டை ஒரு கையால் தூக்கப் பார்த்தான். வரவில்லை. இரண்டு கையாலும் தூக்கினான். கனத்தது.

ஒரு சட்டத்தை உருவிப் பார்த்தான். அடை முழுக்கத் தேன். மூலையில் விரலால் தொட்டு நாக்கில் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். தேன் ஏலக்காய் மணம் மணத்தது.

ஈஸ்வரன் ஜீப்பு ஓட்டுகிறவன். விடியற்காலை ஐந்து மணிக்குச் சிலமலையில் ஆள் ஏற்றி, போடி வழியாக மெட்டு மலைப்பாதையில் ஏறி, ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவான். எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்காமல் இருக்க மாட்டான். கேட்டதற்கு அடுத்தவர் பதில் சொல்லும் வரைக்கும் பொறுக்கவும் மாட்டான். தானே ஒரு பதிலைச் சொல்லிவிடுவான். அதில் பாதி தப்பாக இருக்கும். தப்பு என்று தெரிந்த பிறகும் ஒரு வாரத்துக்கு அதையே சொல்லித் திரிவான், ஏனென்றால் சொன்ன சொல்லை மாற்றுவது அவனுக்குப் பல் பிடுங்குகிற மாதிரி.

அந்தக் குணத்தால்தான் தங்கையோடு பேச்சு நின்றது. அமுதவள்ளி அவனுக்கு ஒரே தங்கை. தென்னந்தோப்புக்கு இந்தப் பக்கம் இவன் வீடு, அந்தப் பக்கம் அவள் வீடு. புருசன் மலையில் எஸ்டேட்டிலேயே தங்கி வேலை பார்க்க, அவள் போடியில் கிட்டங்கி என்கிற ஒரு ஏலக்காய்க் கிடங்கில் காய் பொறுக்கித் தரம் பிரிக்கப் போய் வந்தாள். பங்குனியில் ஈஸ்வரனின் பெட்டியில் ஈ பெருகிக் கூட்டம் பிரியப் பார்த்தபோது, அவனே அதை இரண்டாகப் பிரித்துப் பாதியைத் தங்கைக்குக் கொடுத்தான். கொடுத்தவன் சும்மா இருந்தானா? சித்திரையில் ஒருநாள் அவள் வீட்டில் நாலு பெண்கள் பெட்டியைப் பார்க்க வந்திருந்த நேரத்தில் போய், அவள் கையில் பிடித்திருந்த சட்டத்தைப் பிடுங்கி, "இவ கைக்கு ஈ நிக்காது. வேணும்னா பாருங்க, ஆடி முடியறதுக்குள்ள பெட்டி காலி" என்றான்.

அமுதவள்ளி அழவில்லை. "இந்தப் பெட்டி நெறைய ஈயோட நிக்கணும், தேன் கட்டணும். அன்னைக்குத்தான் ஒங்க வாசல் மிதிப்பேன். அதுவரைக்கும் நீங்களும் எங்க வாசலுக்கு வராதீக" என்றாள்.

அவள் வாக்கு கொடுத்தால் கொடுத்ததுதான், அதில் அண்ணனுக்குத் தப்பாத தங்கை. பெட்டி காலியாகிவிட்டால் பிறகு அவள் வரப்போவதே இல்லை. இது ஈஸ்வரனுக்கும் தெரியும். தெரிந்தும், அவள் பெட்டி காலியாகிவிட்டதா என்று பொண்டாட்டி பொன்னுமணியிடம் வாரம் ஒருமுறை கேட்பான். ஜெயிக்க வேண்டும் என்றும் இருந்தது, அவள் வர வேண்டும் என்றும் இருந்தது. இரண்டும் ஒன்றாக நடக்காது என்பதை மட்டும் அவன் யோசிக்கவில்லை.

சரி, தேனுக்கு வருவோம்.

ஆவணியில் ஏலம் பூத்துக் கிடக்கிற ஒரே இடம் மலை. ஆகவே ஈ மலைக்குப் போகிறது என்று ஈஸ்வரன் முடிவு கட்டினான். மறுநாள் காலை ஜீப்பில் பன்னிரண்டு பேருக்கும் அதைச் சொன்னான். பின் சீட்டில் இருந்த காசிமாயன் சிரித்தான். அவன் எஸ்டேட்டில் மருந்தடிக்கிற சோலிக்குப் போகிறவன், மலையாளத்தான்களோடு பழகிப் பழகி அவர்கள் பேச்சும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டவன்.

"மாப்ளே, ஈ ஒன்னரைக் கிலோமீட்டர் தாண்டாதுன்னு நீதான் போன மாசம் எங்களுக்குப் பாடம் எடுத்த. இப்ப மெட்டு ஏறுதா?"

"அதான் எனக்கும் யோசனையா இருக்கு" என்ற ஈஸ்வரன் மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி முதல் வளைவு ஏறுவதற்குள் பதிலையும் கண்டுபிடித்துவிட்டான். "பறந்து போகல. ஜீப்புல போகுது."

ஜீப்பு ராத்திரி முழுக்கப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. விடியலில் கிளம்பும்போது நாலு ஈ தார்ப்பாய்க்குள் புகுந்திருக்கும். மேலே போய்ப் பூவில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் ஆட்களோடு சேர்ந்து ஏறி வீடு வந்து சேரும். கூலியாட்கள் போகிறபோது ஈக்கள் போகக் கூடாதா?

"சாரமில்ல, பரவால்ல மாப்ளே" என்றான் காசிமாயன். "டிக்கெட்டு மட்டும் ஒழுங்கா வாங்கிரு."

ஜீப்பே சிரித்தது. அந்த வாரம் முழுவதும் ஊரில் அதுதான் பேச்சு. யாராவது அவனைக் கண்டால், "இன்னைக்கு எத்தனை லோடு ஈ ஏத்துனீங்க?" என்று விசாரித்தார்கள். ஈஸ்வரனுக்குக் கோபம் வரவில்லை. தான் சொன்னது சரியா என்று பார்த்தாக வேண்டும் என்கிற அரிப்புதான் வந்தது. அவனிடம் அந்த ஒரு நல்ல குணம் உண்டு. வாயால் விட்டதைக் கையால் சோதித்துப் பார்ப்பான்.

மூன்று நாள் ஜீப்பை வீட்டுக்குக் கொண்டுவராமல் பக்கத்து ஊரான ராசிங்காபுரத்தில் தெரிந்தவர் வீட்டில் நிறுத்திவிட்டு சைக்கிளில் வந்தான். நாலாம் நாள் பெட்டியைத் திறந்தால் மேல்தட்டு முன்னைவிடக் கனம். புதுத்தேன், அதே ஏலக்காய் மணம். ஜீப்புக்கும் தேனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அந்த ஞாயிறு பெட்டிக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். காலை எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை வாசலையே பார்த்தான். பார்க்கப் பார்க்கத்தான் எத்தனை நாளாகப் பார்க்காமல் இருந்திருக்கிறோம் என்று தெரிந்தது. பூவுக்குப் போய் வருகிற ஈயின் பின்னங்கால்களில் மகரந்தம் மஞ்சளாக ஒட்டியிருக்கும். தென்னம்பாளைக்குப் போய் வந்த ஏழெட்டு ஈக்கள் அப்படி வந்தன. மீதி நூற்றுக்கணக்கான ஈக்களின் காலில் ஒன்றுமில்லை, வயிறு மட்டும் புடைத்திருந்தது. அதிலும் சில ஈக்கள் மேல் ரோமமெல்லாம் உதிர்ந்து எண்ணெய் தடவியது போலக் கருகருவென்று மின்னின. மலைப்பூவானாலும் பூ என்றால் மகரந்தம் வராமலா இருக்கும்? அப்படியென்றால் இவை போகிற இடத்தில் பூவே இல்லை. பூ இல்லாத இடத்திலிருந்து தேன் வருகிறது.

எங்கே? எல்லாமே பெட்டியை விட்டு எழும்பி, எலுமிச்சைச் செடியைச் சுற்றி, தென்னந்தோப்புப் பக்கமாகத்தான் போயின.

அவன் அடுப்படிக்குப் போய் அரிசிமாவுச் சல்லடையை எடுத்து வந்தான். வெளியே கிளம்புகிற ஈக்கள் மேல் லேசாகத் தட்டினான். மாவு பட்ட ஈக்கள் ஒருமுறை உடம்பை உதறிவிட்டு வெள்ளை முதுகோடு பறந்தன.

"இதென்ன, ஈக்குக் கோலம் போடுறீகளா?" என்று கேட்டாள் பொன்னுமணி. அவள் கையில் ஒரு தூக்குவாளி இருந்தது. தோப்புக்கு அந்தப் பக்கம் நாத்தனார் வீட்டுக்குப் பணியாரம் கொண்டுபோகிறாள் என்பது அவனுக்குத் தெரியும், ஆனால் கேட்டுக்கொள்ள மாட்டான்.

"பேசாமப் போ. மணி பாத்துக்கிட்டு இருக்கேன்."

கைபேசியில் மணி பார்த்தான். ஒரு வெள்ளை ஈ போய் எட்டு நிமிசத்தில் வயிறு நிறையத் திரும்பி வந்தது. இன்னொன்று ஏழு நிமிசம். போகவும் வரவும் நிரப்பவும் எல்லாம் சேர்த்தே இவ்வளவுதான். மலையாவது, மெட்டாவது. கூப்பிடு தூரத்தில் எங்கோ ஒரு இடத்தில் இந்த ஈக்களுக்கு ஏலக்காய் மணக்கிற விருந்து வைத்திருக்கிறார்கள்.

அவன் எழுந்து நடந்தான். தோப்பில் காற்று மட்டைகளை அடித்துக்கொண்டிருந்தது. ஈயின் பின்னால் ஓட முடியாது, ஆனால் ஒரு இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேல் ஒரு கோடு மாதிரிப் போவது தெரியும். நின்றான், பார்த்தான், பத்தடி நடந்தான், மறுபடி நின்றான். இப்படியே போய் அவன் வந்து நின்ற இடம் ஒரு கிளுவை வேலி. அதற்கு அப்பால் நாலு மாதமாக அவன் பார்க்காத கொல்லை. அமுதவள்ளியின் கொல்லை.

வேலிக்கு இந்தப் பக்கமே நின்று பார்த்தான். முருங்கை மரத்தடியில் பெட்டி. அதைச் சுற்றி ஈ மொய்த்துக் கிடந்தது. மூடிமேல் இரண்டு சிரட்டைகளில் சீனிப்பாகு. வாசலில் ஈக்கள் கட்டிப் புரண்டு கீழே விழுந்தன. மண்ணில் செத்த ஈக்கள் கைப்பிடி அள்ளலாம் போலக் கிடந்தன. அந்தச் சண்டைக்கு நடுவே முதுகில் மாவோடு ஒரு ஈ உள்ளே நுழைந்தது. இன்னொரு வெள்ளை ஈ பெட்டியின் ஓர விரிசலிலிருந்து வயிறு புடைக்க வெளியே வந்தது. காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது ஏலக்காய் மணம் குப்பென்று வந்தது.

தேன் வந்த வழியைத் தேடி வந்தான், திருடன் அவன் வீட்டிலேயே இருந்தான்.

பெட்டிக்குப் பத்தடி தள்ளி அமுதவள்ளியும் பொன்னுமணியும் உட்கார்ந்திருந்தார்கள். ஏதாவது ஒரு ஈ கொட்டிவிடுமோ என்று பொன்னுமணி முந்தானையைத் தலையோடு போர்த்தியிருந்தாள். அமுதவள்ளியின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"பாருங்க மதினி, எம்புட்டுக் கூட்டம்னு. போன மாசம் கையளவு ஈதான் இருந்துச்சு. ரெண்டு வேளையும் பாகு காச்சி வச்சேன், இப்ப வாசல்ல எடம் பத்தல. இலவம் பூக்கிற வரைக்கும் காத்திருக்க வேணாம் போல, இந்த மாசமே நெறஞ்சிரும். நெறஞ்ச அன்னைக்கே ஒங்க வீட்டுக்கு வந்துருவேன். அண்ணன் மொகத்தப் பாத்து நாலு மாசம் ஆச்சு மதினி. தோப்புக்குள்ள ஜீப்புச் சத்தம் கேட்டா எந்திரிச்சு வந்து நிக்கிறேன், அப்புறம் வெக்கமாப் போயி உள்ள போயிர்றேன்."

அவள் வரவேற்றுக் கொண்டாடுகிற கூட்டம் அவள் பெட்டியைக் காலி செய்ய வந்த கூட்டம். அதுவும் இவன் பெட்டிக் கூட்டம். இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் உள்ளே இருப்பது மிச்சமில்லாமல் போகும், ராணியும் மிஞ்ச மாட்டாள். ஆடி தாண்டியானாலும், பெட்டி காலி என்று அவன் சொன்ன வாக்கு பலித்துவிடும். அவன் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டாம், இப்படியே திரும்பிப் போனால் போதும். யாருக்கும் தெரியாது.

மனுசன்தானே, ஒரு நிமிசம் அப்படியும் நினைத்தான். பிறகு தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"அமுதா" என்று கூப்பிட்டான்.

அமுதவள்ளி திரும்பினாள். முகத்தில் இருந்த பூரிப்பு எங்கே போனதோ. "மதினி, ஜீப்புக்காரருக்கு என்ன வேணுமாம், கேளுங்க" என்றாள்.

பேச்சு நின்ற வீடுகளில் அப்படித்தான், நடுவில் ஒரு ஆள் வேண்டும். பொன்னுமணி புருசனைப் பார்த்தாள்.

"பாகு செரட்டைய எடுத்து உள்ள வைக்கச் சொல்லு" என்றான் ஈஸ்வரன். "வந்து நிக்கிற ஈ அவ ஈ இல்ல. என் ஈ. அவ பெட்டியக் கொள்ளையடிக்குது."

"தேன் கட்டுது, பொறுக்கல போல. அதான் ஓடி வந்துட்டாகன்னு சொல்லுங்க மதினி."

"மாவு பூசிருக்க ஈயப் பாக்கச் சொல்லு. அரை மணி நேரத்துக்கு முன்னாடி நான் எங்க கொல்லையில நின்னு பூசுனது. நீயுந்தான கண்ணால பாத்த."

பொன்னுமணி மெல்ல எழுந்தாள். வாசலில் ஊர்ந்த வெள்ளை ஈயைப் பார்த்தாள். "ஆமா அமுதா" என்றாள், குரலே எழும்பாமல். "கோலமாவு போட்டாரு. நாந்தான் கேலி பண்ணிட்டு வந்தேன்."

அமுதவள்ளி பெட்டியிடம் போனாள். சிரட்டைகளை இறக்கி வைத்துவிட்டு மூடியை எடுத்தாள். ஒவ்வொரு சட்டமாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கட்டியிருந்த தேன் அறைகளின் மூடிகள் கிழிந்து பொடிப்பொடியாகக் கிடந்தன. அடைகள் வெறுமையாக இருந்தன. கடைசிச் சட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் ஈக்கள் ஒண்டிக் கிடந்தன, நடுவில் ராணி. இவ்வளவு கூட்டத்தில் அவளுடையது அவ்வளவுதான்.

அவள் சட்டத்தைப் பிடித்தபடியே நின்றாள். அந்த முகத்தைப் பார்க்க ஈஸ்வரனால் முடியவில்லை.

"பாகுல ஏலக்கா போட்டியாத்தா?" என்று கேட்டான். நடுவில் ஆள் வைக்க மறந்துவிட்டான்.

"ஏலக்கா போடாம யாரு பாகு காச்சுவா?" என்று அவளும் நேராகவே கேட்டுவிட்டாள்.

போடியைச் சுற்றி எந்த வீட்டில் சீனிப்பாகு கொதித்தாலும் நாலு காய் தட்டிப் போடாமல் இறக்க மாட்டார்கள். அவளோ நாள் முழுக்க ஏலக்காயிலேயே கை வைத்திருப்பவள். ஊரில் இவர்களுக்குத் தேனீ வளர்க்கப் பயிற்சி கொடுத்த அம்மா வெளியூர்க்காரர். சீனி ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, இருட்டப்போகிற நேரத்தில் பெட்டிக்குள்ளே வையுங்கள் என்று சொன்னாரே தவிர, ஏலக்காய் போடாதீர்கள் என்று சொல்ல அவருக்கு எப்படித் தோன்றும்? அந்த மணத்துக்குத்தான் தோப்பு தாண்டி ஈ வந்தது. ஈஸ்வரன் பாகு காய்ச்சத் தெரியாதவன். டம்ளரில் சீனியைப் போட்டு ஸ்குரு டிரைவரால் கலக்கி வைப்பான். அவன் பெட்டி பிழைத்தது அவன் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை.

அவன் பயிற்சி அம்மாவுக்குப் போன் போட்டு, மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டி வைத்தான். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். ஜீப்புக் கதையைக்கூடச் சொன்னான்.

"இப்போதைக்கு நனைச்ச சாக்கப் போட்டு அந்தப் பெட்டிய மூடுங்க, சிந்துன பாகைக் கழுவி விடுங்க" என்றார் அந்த அம்மா. "ஆனா அது இன்னைக்கு மட்டும்தான் தாங்கும். வழி தெரிஞ்ச ஈ நாளைக்கும் வரும். பெட்டி ரெண்டையும் எடம் மாத்துங்க."

"எடம் மாத்துறதுன்னா?"

"பொழுது சாஞ்சு ஈயெல்லாம் அடைஞ்சதும் ஒங்க பெட்டிய அங்க வைங்க, அவங்க பெட்டிய ஒங்க எடத்துல வைங்க. ஈக்குப் பெட்டி அடையாளம் கெடையாது, எடம்தான் அடையாளம். காலையில வெளிய போற ஒங்க ஈயெல்லாம் பழக்கத்துல பழைய எடத்துக்கே திரும்பும். அங்க அவங்க பெட்டி இருக்கும், அதுக்குள்ள போயிரும். ஒங்க பெட்டியில ஆள் கொறையும், அவங்க பெட்டியில ஆள் கூடும். அவங்க ராணிய மட்டும் ரெண்டு மூணு நாள் சின்ன வலைக்கூண்டுல அடைச்சு உள்ள தொங்க விடுங்க, இல்லன்னா புது ஈ கொன்னுரும். மூணாம் நாள் ஈயெல்லாம் பகை மறந்திருக்கும், அப்பத் தெறந்து விடுங்க. வெளிய விடாட்டி முட்டை வைக்க முடியாது, பெட்டி பெருகாது."

போன் வைத்ததும் பொன்னுமணி சிரட்டைகளை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, ஒரு சாக்கை நனைத்து எடுத்து வந்தாள்.

"மதினி" என்றாள் அமுதவள்ளி. "என் பெட்டிய அங்க வைக்கட்டும். ஆனா என் சட்டத்துல வேற யாரும் கை வைக்கக் கூடாது. அதையும் சொல்லிருங்க."

"வைக்க மாட்டேன்" என்றான் ஈஸ்வரன், பொன்னுமணி வாயைத் திறப்பதற்குள்.

டீ வடிகட்டியின் வலையை வெட்டி, தீப்பெட்டி அளவுக்கு ஒரு கூண்டு செய்து வேலிமேல் வைத்தான். அமுதவள்ளி அதை எடுத்துக்கொண்டாள். கையுறை போடவில்லை, புகையும் கேட்கவில்லை. சட்டத்தைச் சாய்த்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ராணியின் இறக்கையைப் பிடித்துத் தூக்கிக் கூண்டுக்குள் விட்டு, கூண்டைப் பெட்டிக்குள் தொங்கவிட்டாள். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான காய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தரம் பிரிக்கிற விரல்கள். ஈஸ்வரன் இருபது தடவை முயன்றும் ராணியை இப்படிப் பிடித்ததில்லை. இந்தக் கைக்கா ஈ நிற்காது என்று சொன்னோம் என்று நினைத்தபோது அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பொழுது சாய்ந்ததும் ஈஸ்வரனும் பொன்னுமணியும் கனத்த பெட்டியை இரண்டு பக்கமும் பிடித்துத் தோப்பு வழியாகக் கொண்டுபோனார்கள். எதிரே அமுதவள்ளி தன் பெட்டியை ஒற்றை ஆளாக இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவ்வளவு லேசு. அண்ணன் வீட்டு வாசல் படல் வரைக்கும் வந்தவள் உள்ளே வரவில்லை. பெட்டியைப் படலுக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். திரும்பி வந்த ஈஸ்வரன்தான் அதை எடுத்துத் தன் பெட்டி இருந்த இடத்தில் வைத்தான்.

மறுநாள் ஜீப்புக்கு வேறொரு டிரைவரை அனுப்பிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தான். விடிந்து ஒரு நாழிகைக்கெல்லாம் தோப்புப் பக்கமிருந்து ஈக்கள் வந்தன. அவனுடைய ஈக்கள். பெட்டிக்கு முன்னால் வந்து அந்தரத்தில் நின்றன. பெட்டியின் நிறம் வேறு, வாசம் வேறு. இறங்கின, ஏறின, மறுபடி சுற்றின. ஒன்று வாசலில் இறங்கி அங்கேயே கொஞ்சம் நின்றது. உள்ளேயிருந்து இரண்டு ஈக்கள் வந்து அதை முகர்ந்து பார்த்தன. சண்டை வரவில்லை. அது உள்ளே போனது. அதன் பின்னால் ஒன்று, பத்து, நூறு. மத்தியானத்துக்குள் வெளியே நின்ற கூட்டமெல்லாம் அடங்கிவிட்டது. பெட்டி லேசாக ரீங்கரித்தது.

ராணி என்ன ஆனாள் என்று பார்க்க அவனுக்குக் கை துறுதுறுத்தது. இரண்டு நாளில் ஐம்பது தடவை மூடிமேல் காது வைத்துக் கேட்டிருப்பான். திறக்கவில்லை.

மூன்றாம் நாள் பொழுது இறங்கியது. தேங்காய் நாரில் நெருப்பு வைத்துப் புகை தயாராக வைத்திருந்தான். யாரும் வரவில்லை.

"நீங்களே தொறந்து விடுங்களேன்" என்றாள் பொன்னுமணி. "பெட்டி நெறையாம வாசல் மிதிக்க மாட்டேன்னு சொன்னவ. வெறும் அடையோட நிக்கிற பெட்டிக்காக அவ எப்படி வருவா?"

"அது அவ பெட்டி."

"உள்ள கெடக்கிற ராணி செத்துப்போச்சுன்னா?"

"கை வைக்க மாட்டேன்னு சொல்லிருக்கேன்" என்றான். தன் சொல்லை மாற்றுவது அவனுக்குக் கஷ்டம் என்பது இருக்கட்டும், இந்த முறை அவன் மாற்ற விரும்பவும் இல்லை. வாசல் படலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். இனி வரமாட்டாள் என்று தோன்ற ஆரம்பித்த பிறகும் அணையப் பார்த்த நாரை ஊதிவிட்டான். நாலு மாதமாக இதற்கா ஜெயிக்கப் பார்த்தோம் என்று இருந்தது.

படல் கிரீச்சிட்டது.

அமுதவள்ளி யாரையும் பார்க்காமல் நேராகக் கொல்லைக்கு வந்தாள். கிட்டங்கியிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள், கையில் சோத்துப்பை. அதைக் கீழே வைத்துவிட்டு மூடியைத் திறந்தாள். ஈஸ்வரன் பக்கத்தில் போய்ப் புகையைப் பிடித்தான். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

சட்டங்களில் ஈ அடர்ந்து கிடந்தது. கூண்டைத் தூக்கினாள். அதன்மேலும் ஈக்கள். இறுக்கிக் கடித்துக்கொண்டிருந்தால் பகை, சாவகாசமாக நடந்துகொண்டிருந்தால் உறவு என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். அமுதவள்ளி லேசாக ஊதினாள். ஈக்கள் சிரமமில்லாமல் நகர்ந்து வழிவிட்டன. ஒன்று மட்டும் வலைக்கு வெளியேயிருந்து நாக்கை நீட்டி உள்ளே இருந்த ராணிக்கு ஊட்டிக்கொண்டிருந்தது.

"இது நம்ம ஈயா, வந்த ஈயா?" என்று கேட்டான் ஈஸ்வரன். உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டான்.

"தெரியலையே" என்றாள் அவள். அவளும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலையைத் திறந்தாள். ராணி வெளியே வந்து, ஒருமுறை நின்று, அடையின் வெறும் அறைகளைத் தலையால் துழாவிக்கொண்டே கீழே போனாள். சுற்றியிருந்த ஈக்கள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் முகம் திருப்பின. அமுதவள்ளி சட்டத்தை இறக்கி, மூடியை வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

"ஒங்க பெட்டி அங்க மூணு நாளாத் தனியாக் கெடக்கு" என்றாள். பொன்னுமணியைப் பார்த்துச் சொல்லவில்லை. "ஆள் கொறஞ்ச பெட்டி. பாகு வைக்கணும், வாசலச் சுருக்கணும். ஒரு ஆளு வந்து எட்டிப் பாக்கல."

"வராதன்னு சொன்ன. நீ கூப்பிடாம நான் எப்படி வருவேன் ஆத்தா?"

அமுதவள்ளி சோத்துப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"என்னைய மட்டும் இங்க யாரு கூப்பிட்டாக?" என்று கேட்டாள்.

ஈஸ்வரன் செருப்பைத் தேடினான்.